பின்வளவு மீன்குளத்தில் பாசி: மருந்து போடுவதற்கு முன்

ஆரோக்கியப் பக்கத்தில் மீன்குளத்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் செப்ரெம்பர் பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், இரத்த அழுத்தம் பார்க்க வருபவர்களும் சலரோகத்துக்கு மருந்துச்சீட்டு எழுதுவிக்க வருபவர்களும் எழும்பிப் போகும் நேரத்தில் எம்மிடம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. "டொக்ரர், வீட்டுக் குளம் பச்சையாய்ப் போச்சுது. பேரப்பிள்ளையள் அதுக்குள்ளை கை வைக்குதுகள். ஏதும் வருத்தம் வருமோ? என்ன மருந்து போட்டால் உடனை போகும்?"

சிட்னியில் வென்ற்வேர்த்வில், துங்காபி பக்கமும் மெல்பேர்ணில் டண்டினோங், கிளேய்ற்றன் பக்கமும் எம்மவர் வீடுகளின் பின்வளவில் இப்போது மீன்குளங்கள் பல உண்டு. சிலர் வீடு வாங்கும்போதே குளமும் சேர்ந்து வந்தது. சிலர் பூசைக்குத் தாமரை வளர்க்கவென்று ஒரு பெரிய தொட்டியில் ஆரம்பித்துப் பின் நாலு பொன்மீனும் விட்டார்கள். ஓய்வுபெற்ற பெற்றோருக்குப் பொழுதுபோக்காகப் பிள்ளைகள் செய்து கொடுத்த குளங்களும் உண்டு. எப்படி வந்த குளமானாலும் முதல் வசந்தத்திலேயே பச்சை பிடிக்கும்.

மேற்படி கேள்விக்கு விடை சுருக்கமானது. வீட்டுக் குளங்களில் வரும் பாசியில் பெரும்பகுதி மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. உடனே கொல்லும் மருந்துதான் அதிகம் தீங்கு செய்கிறது. பாசி என்பது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. நீரில் உணவும் ஒளியும் மிஞ்சிக் கிடக்கின்றன என்பதை அது காட்டுகிறது. அவற்றைக் குறைக்காமல் பாசியை மட்டும் கொன்றால் அது மீண்டும் வரும். சில வேளைகளில் முன்னையதிலும் கெட்ட சாதியாக வரும். அது ஏன் என்பதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எந்தச் சாதிப் பாசி?

பாசி என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பவை மூன்று சாதி. முதலாவது, குளத்து நீர் முழுவதையும் பச்சைச் சாயம் கரைத்தது போலாக்கும் நுண்பாசி. ஒவ்வொன்றும் ஒரேயொரு கலம். தனித்தனியே கண்ணுக்குத் தெரியாது. புதிதாகக் கட்டிய குளத்தில் முதல் சில வாரங்களுக்கு இது வருவது வழமை. இரண்டாவது, கல்லிலும் குழாயிலும் பற்றி நூல்நூலாக நீளும் இழைப்பாசி. ஊரில் கேணிப் படியிலும் கிணற்றுக் கட்டிலும் எம் கால்களை வழுக்கச் செய்தவை இவற்றின் உறவுகள்தாம். இவ்விரண்டும் அழகைக் கெடுக்குமேயொழிய நஞ்சு அற்றவை.

மூன்றாவது நீலப்பச்சைப்பாசி. பெயரில் பாசி என்றிருந்தாலும் இது சூரிய ஒளியில் உணவு தயாரிக்கக்கூடிய ஒரு பற்றீரியா. வெப்பமான, அசையாத, உரம் மிகுந்த நீரில், பெரும்பாலும் தை, மாசி மாதக் கோடையில் இது தலைகாட்டும். இதன் எல்லா இனங்களும் நஞ்சு சுரப்பதில்லை. ஆனால் எது சுரக்கும், எது சுரக்காது என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது. ஆகையால் நீலப்பச்சைப்பாசி என்று கண்டால் நஞ்சுள்ளது என்றே கொள்ள வேண்டும்.

வீட்டிலேயே பிரித்தறிய இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒரு தடியால் கோலிப் பாருங்கள். தலைமயிர் போல நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி. தடியில் பச்சைப் பெயின்ற் பூசியது போல ஒட்டினால் சந்தேகப்படுங்கள். அடுத்தது போத்தல் சோதனை. கையுறை அணிந்து, மூடியுள்ள ஒரு கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசிக்குக் குளத்து நீரை எடுத்து, வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, பெயர் எழுதி ஒட்டி, ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் அசையாமல் வையுங்கள். (பெயர் எழுதாமல் வைத்தால் யாராவது பச்சைச் சாறு என்று எண்ணிக் குடித்துவிடும் அபாயம் எமது வீடுகளில் உண்டு.) காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் சாதாரண நுண்பாசி. மேலே மிதந்து ஒரு வளையம் கட்டியிருந்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. இச்சோதனை நூறுவீதம் பிழையற்றதல்ல. ஆயினும் வீட்டுத் தேவைக்குப் போதும்.

மணமும் ஓரளவு உதவும். நீலப்பச்சைப்பாசி பெருகிய நீரில் முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை எழுவதுண்டு. இரண்டிலும் உள்ளது ஜியோஸ்மின் என்ற ஒரே இரசாயனம்தான். மழை மண்ணில் இனிக்கும் அந்த வாசனை குளத்தில் வந்தால் எச்சரிக்கையாகுங்கள்.

இந்த நாட்டில் இது புதிதல்ல

நீலப்பச்சைப்பாசி உயிர்களைக் கொல்லும் என்பதை உலக விஞ்ஞானத்துக்கு முதன்முதலில் எழுத்தில் அறியத் தந்தது அவுஸ்திரேலியாதான். தென் அவுஸ்திரேலியாவின் அலெக்ஸான்ட்ரினா ஏரியில் நீர் குடித்த ஆடுகளும் குதிரைகளும் நாய்களும் இறந்ததை ஜோர்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார். 1991ஆம் ஆண்டின் இறுதியில் டார்லிங் ஆற்றில் ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் நீளத்துக்கு இது படர்ந்தது; நியூ சவுத் வேல்ஸ் அரசு அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. வறட்சியால் ஓட்டம் குறைந்த ஆறு, அதில் சேர்ந்த பொசுபரசு, கடும் வெயில் ஆகிய மூன்றும் கூடிய விளைவு அது. 2007இல் நீண்ட வறட்சி முறிந்து மழை கொட்டியபின், சிட்னிக்குக் குடிநீர் தரும் வரகம்பா அணையின் நீர்த்தேக்கத்திலும் நீலப்பச்சைப்பாசி பெருகியது. எமது தாயகத் தீவும் விலக்கல்ல. 1999இல் கண்டி வாவி பச்சைக் கூழாக மாறியதை வாசகர் சிலர் நேரில் கண்டிருக்கக்கூடும்.

இந்நஞ்சுகளில் சில ஈரலைத் தாக்குபவை. சில நரம்பைத் தாக்குபவை. தோலில் பட்டால் சொறியும் தடிப்பும், கண் எரிச்சலும் வரலாம். விழுங்கினால் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம். நாய்களுக்கு ஆபத்து மிக அதிகம். அவை நீரைக் குடிப்பதோடு, உரோமத்தில் ஒட்டியதையும் நக்கி விழுங்கிவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களிலும் முகாம்களிலும் இருந்த காலத்தில் குளத்து நீரையும் கலங்கல் கிணற்று நீரையும் கொதிக்க வைத்தே நாம் உயிர் தப்பினோம். கொதித்தாறிய நீர் பாதுகாப்பானது என்பது எம் எலும்பில் ஊறிய பாடம். வாந்திபேதிக் கிருமிக்கும் நெருப்புக் காய்ச்சல் கிருமிக்கும் அது முற்றிலும் சரி. ஆனால் நீலப்பச்சைப்பாசியின் நஞ்சு வெப்பத்துக்கு அழியாது. கொதிக்க வைக்கும்போது கலங்கள் உடைந்து உள்ளிருந்த நஞ்சும் நீரில் கலக்கும். ஆற்றங்கரைக்கோ அணைக்கட்டுக்கோ குடும்பமாகச் சுற்றுலாப் போகும்போதும், சிவப்பு எச்சரிக்கைப் பலகை கண்டால், கொதிக்க வைத்துத் தேநீர் போடலாம் என்று எண்ண வேண்டாம்.

பாம் தீவில் நடந்தது

பாசிக்கு மருந்து கேட்பவர்களில் ஊரில் தோட்டம் செய்தவர்கள் பலர் அடுத்துச் சொல்வது துரிசு. மயில்துத்தம் என்றும் சொல்வோம், செப்புச் சல்பேற்று. திராட்சைக்கும் மிளகாய்க்கும் சுண்ணாம்போடு கலந்து அடித்த பழக்கம். கையளவு துரிசைத் துணியில் கட்டி நீரில் இழுத்தால் பாசி செத்துவிடும் என்பது உண்மைதான். செத்தபின் என்ன நடக்கும் என்பதற்கு இந்நாட்டிலேயே ஒரு வரலாறு உண்டு.

குவீன்ஸ்லாந்தின் ரவுன்ஸ்வில் நகருக்கு அப்பால் கடலில் உள்ளது பாம் தீவு. குவீன்ஸ்லாந்தின் பல பாகங்களில் இருந்தும் சொந்த நிலத்தை விட்டு வலிந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட ஆதிக்குடிகளின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கிறார்கள். 1979ஆம் ஆண்டு அவர்களது குடிநீர் அணையான சொலமன் அணையில் பாசி பெருகி நீரின் சுவையும் மணமும் கெட்டன. முறைப்பாடுகள் எழுந்ததும் அணையில் செப்புச் சல்பேற்று இடப்பட்டது. சில நாட்களில், நவம்பர் மாதத்தில், பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வாந்தியோடும் தலையிடியோடும் ஈரல் வீங்கியும் விழுந்தார்கள். பின்னர் இரத்தத்தோடு வயிற்றோட்டம். சிறுநீரில் புரதமும் சீனியும் போயின. நோயுற்றவர்கள் 148 பேர். அவர்களில் 138 பேர் பிள்ளைகள். கடுமையானவர்கள் ரவுன்ஸ்வில் வைத்தியசாலைக்கு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டனர். எவரும் இறக்கவில்லை என்பது பெரும் ஆறுதல்.

காரணம் முதலில் பிடிபடவில்லை. "பாம் தீவு மர்ம நோய்" என்றே மருத்துவ ஏடுகளில் பெயர் பெற்றது. அந்த அணை நீரைக் குடிக்காத வீடுகளில் நோய் வரவில்லை என்பதே துப்பாக அமைந்தது. பின்னர் அந்த அணையில் இருந்து பிரித்தெடுத்த சிலின்ட்ரோஸ்பெர்மொப்சிஸ் என்னும் நீலப்பச்சைப்பாசி, ஈரலையும் சிறுநீரகத்தையும் சிதைக்கும் நஞ்சு சுரப்பது ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டது. உயிரோடு இருந்தவரை நஞ்சின் பெரும்பகுதியைத் தன் கலத்துக்குள் வைத்திருந்த பாசி, துரிசு பட்டு வெடித்ததும் முழுவதையும் நீரில் கொட்டியது. செம்புதான் நஞ்சாகியது என்று வாதிட்ட வைத்தியர்களும் உளர். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், அந்தப் பிள்ளைகளுக்குத் தீங்கு வந்தது பாசியை அவசரமாகக் கொன்ற பின்புதான்.

வீட்டுக் குளத்து நீரை எவரும் குடிப்பதில்லை, ஆகவே இது எமக்குப் பொருந்தாது என்று நினைக்கலாம். நாய் குடிக்கும். இரண்டு வயதுப் பிள்ளை கையை வாயில் வைக்கும். மீனின் நிலைமையோ இன்னும் மோசம். பாசி பகலில் ஒட்சிசனை வெளிவிட்டாலும் இரவில் எம்மைப் போலவே ஒட்சிசனை உள்ளெடுக்கிறது. ஒரேயடியாகச் செத்த பாசியை அழுகச் செய்யும் பற்றீரியாக்களும் ஒட்சிசனைத் தின்கின்றன. ஆகையால் மருந்து போட்ட மறுநாள் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காண்பீர்கள். பசி என்று நினைத்து அந்நேரம் தீனி போடுவோரும் உண்டு. அது மூச்சுத்திணறல்.

துரிசைப் பற்றி இன்னொரு வேறுபாடு. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீர். அதில் செம்பின் நச்சுத்தன்மை பெருமளவு மட்டுப்படும். மெல்பேர்ணின் குழாய்நீர் மிக மென்மையானது. சிட்னியினதும் வன்னீர் அன்று. மென்னீரில் சிறிதளவு செம்பே மீனையும் நத்தையையும் கொல்லப் போதுமானது. ஊரில் கேணியில் போட்டும் மீன் சாகவில்லை என்ற அனுபவத்தை இங்கே கொண்டுவர முடியாது. நீச்சல் தடாகத்துக்கென விற்கும் பாசிமருந்துகள் பலவற்றிலும் செம்பு உண்டு. அவை மீன்குளத்துக்கு உரியவை அல்ல.

எங்கிருந்து வருகிறது இந்தச் செழிப்பு?

பாசிக்குத் தேவையானவை ஒளி, நைதரசன், பொசுபரசு. இவற்றுள் நன்னீரில் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது பொசுபரசு. ஆகவே அது கொஞ்சம் கூடினாலே பாசி பெருகும். பாசியின் உலர்நிறையில் பொசுபரசு ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். அப்படியாயின் ஒரு கிராம் பொசுபரசில் இருந்து நூறு கிராம் உலர்ந்த பாசி உருவாகலாம். ஈரமாக அள்ளினால் அது வாளி நிரம்பும்.

அந்த ஒரு கிராம் எங்கிருந்து வருகிறது? முதலாவது மீன்தீனி. எமது விருந்தோம்பல் மீனையும் விட்டுவைப்பதில்லை. காலையில் அப்பா ஒரு பிடி, பின்னேரம் அம்மா ஒரு பிடி, இடையில் பேரப்பிள்ளைகள் பாணும் சோறும். தின்னாதது அழுகும், தின்றதும் கழிவாக வரும். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவு, கோடையிலும் நாளுக்கு ஒருமுறை போதும். மெல்பேர்ண் குளிர்காலத்தில் நீர் 10 பாகைக்குக் கீழே போனால் பொன்மீனுக்குச் சமிபாடு ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது தீனி போடாமலே விடலாம். பட்டினி கிடக்கிறதே என்று எவரும் மனம் வருந்த வேண்டாம்.

இரண்டாவது உரம். புல்தரைக்குப் போட்ட உரமும் கறிவேப்பிலை, முருங்கைக்குப் போட்ட கோழி எருவும் மழைநீரோடு வழிந்து குளத்துக்குள் இறங்கும். குளத்தின் விளிம்பைத் தரைமட்டத்தில் இருந்து நாலு விரற்கடையாவது உயர்த்தினால் இது பெருமளவு நிற்கும். மூன்றாவது, விழுந்து அழுகும் இலையும் பூவும். சிட்னியில் நவம்பரில் ஜகரண்டாப் பூக்கள் ஒரு குளத்தையே மூடிவிடும். வலை விரித்து வையுங்கள்.

மீன்களின் எண்ணிக்கையும் முக்கியம். கடையில் விரல் நீளத்தில் வாங்கிய பொன்மீன் சில ஆண்டுகளில் சாண் நீளமாகும். ஆறு மீன் விட்ட இடத்தில் இரண்டு போதும் என்று முதலிலேயே கணக்குப் பண்ணுவது நல்லது.

செய்யக்கூடியவை

இழைப்பாசியைக் கையால் அள்ளுவதே சிறந்த மருந்து. தடியொன்றில் நூடில்ஸ் சுற்றுவது போலச் சுற்றி எடுக்கலாம். எடுத்ததைக் குளக்கரையில் ஓரிரு மணி நேரம் வையுங்கள், தவளைக்குஞ்சுகளும் பூச்சிகளும் நீருக்குத் திரும்பட்டும். பின் கொம்போஸ்ற் குவியலில் போடலாம். அள்ளும் ஒவ்வொரு வாளியோடும் பொசுபரசும் வெளியே போகிறது. மருந்தால் கொன்றாலோ அது உள்ளேயே தங்கி அடுத்த பாசிக்கு உணவாகிறது.

அடுத்தது நிழல். நீர்ப்பரப்பில் அரைவாசி தொடக்கம் மூன்றில் இரண்டு பங்குவரை இலையால் மூடப்பட வேண்டும். தாமரையும் அல்லியும் இதற்கு மிகச் சிறந்தவை; வேரால் உரத்தை உறிஞ்சி இலையால் வெயிலை மறைக்கும். ஆனால் குளிர்காலத்தில் இவை உறங்கிவிடும். செப்ரெம்பர், ஒக்ரோபரில் வெயில் வந்தும் இலை வராத அந்த இடைவெளியில்தான் நீர் பச்சையாகிறது. அப்போது பொறுமையே தேவை. இலைகள் விரிந்ததும் பெரும்பாலும் தானாகவே தெளியும்.

எந்தச் செடி என்பதில் எம்மவர் விசேட கவனம் எடுக்க வேண்டும். ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் ஊரில் வாய்க்கால்தோறும் கண்டவைதாம். இங்கே இரண்டும் தடைசெய்யப்பட்ட களைகள். நண்பர் தந்தார் என்று வாங்கி விடாதீர்கள். பொன்னாங்காணியின் கதை இன்னும் சுவையானது. 1990களின் நடுப்பகுதியில், இலங்கையர் வீடுகளின் பின்வளவுகளில் பொன்னாங்காணி, சிங்களத்தில் முக்குனுவென்ன, என்று ஆசையோடு வளர்த்து வறை வறுத்துச் சாப்பிட்டு வந்த கீரை, உண்மையில் அலிகேற்றர் வீட் என்னும் தென்னமெரிக்கக் களை என்று கண்டுபிடிக்கப்பட்டது. 1946இல் நியூகாசில் அருகே முதன்முதல் காணப்பட்டு, ஆறுகளை மூடி அடைக்கும் பேர்பெற்ற களை அது. எமது சனங்கள் வேண்டுமென்று செய்ததல்ல; பார்வைக்கு இரண்டும் ஒரே குடும்பத்துச் சகோதரிகள். அவர்களைத் தண்டிப்பதை விட்டு, விக்ரோரிய அரச ஆய்வாளர்கள் இந்நாட்டுக்குச் சொந்தமான, பொன்னாங்காணிக்கு நெருங்கிய உறவான லெஸ்ஸர் ஜோய்வீட் என்னும் கீரையை மாற்றாகக் கொடுத்தார்கள். பொதுச் சுகாதாரத்தில் பணி செய்வோர் படிக்க வேண்டிய அணுகுமுறை என்று நாம் நினைக்கிறோம். இன்றும் உங்கள் குளக்கரையில் தண்டு உள்ளீடற்றுக் குழலாகி நீர்மேல் மிதந்து படரும் 'பொன்னாங்காணி' இருந்தால், பிடுங்கி எறியாதீர்கள். துண்டு ஒன்று விழுந்தாலும் முளைக்கும். விக்ரோரியாவில் மாநில விவசாயத் திணைக்களத்துக்கும், நியூ சவுத் வேல்ஸில் உங்கள் மாநகரசபைக்கும் அறிவித்தால் அடுத்து என்ன செய்வதென்று சொல்வார்கள்.

மீனிலும் இதே கவனம் வேண்டும். கோய் மீனைச் சிட்னியில் குளத்தில் வைத்திருக்கலாம். விக்ரோரியாவில் அது சட்டவிரோதம். சிட்னி உறவினரிடம் இருந்து காரில் கொண்டு வர எண்ணுவோர் கவனிக்க. நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்று கம்பூசியா மீனை ஓடையில் பிடித்து வந்து விடுவதும் கூடாது. விக்ரோரியாவில் அதுவும் தடை. தவளைக்குஞ்சுகளுக்கும் அது பகை.

நீரைப் பகுதி பகுதியாக மாற்றுவது நல்லது. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு போதும். சிட்னியின் பல பகுதிகளில் குழாய்நீருக்குக் குளோரமீன் சேர்க்கிறார்கள். ஊரில் செய்தது போல ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரீன் பறந்துவிடும், குளோரமீன் எளிதில் பறக்காது. மீன்கடையில் விற்கும் குளோரீன் நீக்கியைச் சேர்த்த பின்பே நீரை விடுங்கள்.

எம்மவர் துப்புரவில் வல்லவர்கள். தைப்பொங்கலுக்கு வீடு கழுவுவது போலக் குளத்தையும் முழுவதாக இறைத்துத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். குளத்துக் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வாழும் நல்ல பற்றீரியாக்கள்தாம் மீன் கழிவின் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றி மீனைக் காக்கின்றன. தேய்த்துக் கழுவினால் அவை போய்விடும். மீன் அமோனியாவில் சாகும். இரண்டு வாரத்தில் நீர் மீண்டும் பச்சையாகும். வடிகட்டிப் பஞ்சைக் குளத்து நீரிலேயே ஒரு வாளியில் அலசுங்கள்.

பணம் செலவழிக்கத் தயாரானவர்களுக்கு ஊதா கடந்த கதிர் விளக்கு உண்டு. பம்ப் வழியே செல்லும் நீரில் மிதக்கும் நுண்பாசியை அது ஒரிரு வாரத்தில் தெளிய வைக்கும். கல்லில் பற்றிய இழைப்பாசியை ஒன்றும் செய்யாது. ஏறத்தாழ ஓராண்டில் விளக்கு எரிந்தபடியே வலுவிழந்துவிடும், மாற்ற வேண்டும். பார்லி வைக்கோலை வலைப்பையில் கட்டி மிதக்கவிடும் முறை பிரித்தானியாவில் ஆராயப்பட்டது. அது உக்கும்போது புதிய பாசி வளர்வதைத் தடுக்கிறது, இருக்கும் பாசியைக் கொல்வதில்லை. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். சில குளங்களில் பலிக்கிறது, சிலவற்றில் இல்லை. முயன்று பார்ப்பதில் தவறில்லை, அதிகம் போட்டு அழுகவிடாதவரை. எதைச் செய்தாலும் நீருக்குள் கை வைக்குமுன் பம்பின் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

போத்தல் சோதனையில் பச்சை மேலே மிதந்தால் வேறு முறை. நீரைத் தொடாமல், பிள்ளைகளையும் நாயையும் விலக்கி, மீன்தீனியை நிறுத்தி, குளத்துக்கு நிழல் போட்டு, நீரை அசையச் செய்து காற்றூட்டி, அது தானாக அடங்கும்வரை பொறுக்க வேண்டும். அந்த நீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றக்கூடாது. சாதாரணப் பச்சைநீர் என்றால் முருங்கை அடிக்கு அது நல்ல உரம்.

கை, நுளம்பு, குழந்தை

பாசி அள்ளும்போது நீண்ட றப்பர் கையுறை அணியுங்கள். மைக்கோபற்றீரியம் மரீனம் என்ற, சயரோகக் கிருமியின் உறவான ஒரு கிருமி மீன் வாழும் நீரில் உண்டு. விரலில் இருக்கும் சிறு கீறல் வழியே நுழைந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து, சில வேளை மாதங்கள் கழித்து, நோவில்லாத ஒரு சிவந்த கட்டியாக எழும். பின் முழங்கைப் பக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிகள் ஏறலாம். வழமையான நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு மசியாது. ஏற்ற மருந்தை மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். சதையில் இருந்து எடுத்த மாதிரியைச் சாதாரண வெப்பத்தில் வளர்த்தால் அது வளராமல் போகலாம். சுமார் 30 பாகையில் வளர்க்கும்படி ஆய்வுகூடத்துக்குச் சொல்ல வேண்டும். ஆகவே கையில் ஆறாத கட்டியோடு எந்த வைத்தியரிடம் போனாலும், வீட்டில் மீன்குளம் உண்டு என்று நீங்களாகவே சொல்லுங்கள். நாம் கேட்க மறக்கலாம். சலரோகம் உள்ளவர்கள் கையிலோ காலிலோ புண் இருக்கும்போது குளத்தில் இறங்கவே வேண்டாம். எம் சமூகத்தில் அத்தகையோர் எத்தனை பேர் என்பது யாவரும் அறிந்ததே.

இழைப்பாசி பாய் போல் படர்ந்தால் அதன் இடுக்குகளில் நுளம்புக் குடம்பிகள் மீனுக்கு எட்டாமல் ஒளிந்து வளரும். றொஸ் றிவர் காய்ச்சல் இந்நாட்டில் எப்போதும் உண்டு. 2022இல் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் விக்ரோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் பரவியது. பாசியை அள்ளி நீரைச் சலசலக்க வைத்தாலே நுளம்பு முட்டையிடப் பின்னிற்கும்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்துக் கிருமியால் வருவதல்ல. நீச்சல் தடாகத்துக்கு வேலி கட்டாயம். விக்ரோரியாவில் 30 சென்றிமீற்றருக்கு மேல் ஆழமான தடாகங்களுக்குச் சட்டம் அதை வற்புறுத்துகிறது. மீன்குளத்துக்கு அச்சட்டம் பொருந்துவதில்லை. ஆனால் பாசி படர்ந்த குளம் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் புல்தரை போலத் தெரியும். கால் வைத்த பிள்ளை பச்சை நீருக்குள் விழுந்தால், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கும் தெரியாது. சத்தமும் வராது. சில சென்றிமீற்றர் நீரே போதும். சிறு பிள்ளைகள் வந்து போகும் வீடு என்றால், நீர்மட்டத்துக்கு மேலே பாரம் தாங்கும் இரும்பு வலையைப் பொருத்துங்கள், அல்லது பிள்ளைகள் வளரும்வரை குளத்தை மண் நிரப்பித் தாமரையை ஒரு சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். வெள்ளிக்கிழமைகளில் உறவினர் கூடும் வீடுகளில் "ஆராவது பார்த்துக்கொண்டிருப்பினம்" என்று எல்லோரும் நினைப்பதால் ஒருவரும் பார்ப்பதில்லை. ஒருவரின் பெயரைச் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள்.

பிள்ளை குளத்து நீரையோ, குளத்துக்குப் போடும் மருந்தையோ விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்கச் செய்ய முயல வேண்டாம். நஞ்சுத் தகவல் நிலையத்தை 13 11 26 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் அழைக்கலாம். மருந்துப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோர், பேரன் பேத்தி 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு அவர் மூலமாகப் பேசலாம். பிள்ளை மயங்கினாலோ மூச்செடுக்கச் சிரமப்பட்டாலோ நேரே 000. நாய் பச்சை நீரைக் குடித்துவிட்டு நடுங்கினாலோ தள்ளாடினாலோ காத்திராமல் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள், போகும்வழியில் அது தன் உரோமத்தை நக்காதபடி ஒரு துவாயால் சுற்றிக்கொண்டு.